ஒரே பைலுக்குள் ஒரு முழு டிரைவ்

இரத்தோட்டையில் வீட்டு மூலையில் கிடந்த பழைய கம்பியூட்டரைத் தூசு தட்டி எடுக்கிற நண்பர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சரியான ஸ்லோ, டிஃப்ராக் போடலாமா?" விண்டோஸ் 95, 98 காலத்து மெஷின் என்றால் கொஞ்சம் பொறுங்க. அதன் ஹார்ட் டிஸ்க் சுருக்கப்பட்டதா என்று முதலில் பார்க்கணும்.

1990-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக் கம்பனி 'ஸ்டாக்கர்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. 40, 80 மெகாபைட் டிஸ்க்குகளே பெரிதாக இருந்த காலம். எழுதும்போது சுருக்கி, வாசிக்கும்போது விரித்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் தந்தது. மைக்ரோசொப்ட் சும்மா இருக்குமா? 1993-இல் எம்எஸ்-டொஸ் 6-உடன் 'டபிள்ஸ்பேஸ்' வந்தது. காப்புரிமையை மீறியதாக ஸ்டாக் வழக்குப் போட, 1994 பெப்ரவரியில் ஜூரி 12 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. மைக்ரோசொப்டின் எதிர்வழக்கில் ஸ்டாக்கும் 1 கோடி 36 இலட்சம் கட்ட வேண்டுமென்று தீர்ப்பானது வேறு கதை. டொஸ் 6.21-இல் டபிள்ஸ்பேஸைத் தூக்கிவிட்டு, 6.22-இல் 'டிரைவ்ஸ்பேஸ்' என்று புதிதாகச் செய்து வைத்தார்கள். விண்டோஸ் 95, 98-இல் இருப்பது அதன் வாரிசு.

விஷயம் இங்கேதான். நீங்க 'சி' என்று பார்ப்பது உண்மையான டிரைவ் இல்லை. மறைத்து வைக்கப்பட்ட ஒரே ஒரு பெரிய பைல். அந்த பைலின் அட்டவணை கெட்டால் உள்ளே இருக்கிற எல்லாமே சிக்கிக்கொள்ளும். டொஸ் 6 வந்த புதிதில் டேட்டா போச்சு என்று பலர் டபிள்ஸ்பேஸைத் திட்டினார்கள். ஆனால் 'ஸ்மார்ட்டிரைவ்' எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷினை அணைத்ததும் ஒரு காரணம். 1993 கடைசியில் வந்த 6.2-இல் அதைத் திருத்தி, ஸ்கேன்டிஸ்க்கையும் சேர்த்தார்கள்.

நம்ம நாட்டில் அணைக்கிறது நாம மட்டுமா? 1996-இல் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதை நாங்களே பார்த்தோம். டிஃப்ராக் என்பது பைல்களைத் துண்டு துண்டாக இடம் மாற்றும் வேலை. பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. இத்தனைக்கும் சுருக்கிய டிரைவில் டிஃப்ராக் போட்டு வேகம் பெரிதாகக் கூடாது. வெற்றிடத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, டிரைவின் அளவைக் குறைப்பதற்குத்தான் அது முக்கியமாக உதவும். 'டிஃப்ராக் போட்டால் சரியாகும்' என்பது சாதாரண டிஸ்க்குக்கு உண்டான பழக்கம். இங்கே அது வீண் ஆபத்து என்பதே எங்கள் கருத்து.

அதனால் முதலில் கொப்பி. டிஸ்க்கைக் கழற்றிப் புது மெஷினில் மாட்டினால் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் அந்தப் பெரிய பைல் மட்டும்தான் தெரியும், உள்ளே போக முடியாது. "காலி டிஸ்க்" என்று ஃபோர்மட் பண்ணிடாதீங்க! அந்த பைலை அப்படியே பிரதி எடுத்துவிட்டு, டிஸ்க்கைப் பழைய மெஷினிலேயே மாட்டி, அங்கிருந்து ஆவணங்களை வெளியே எடுங்க. பிறகு ஸ்கேன்டிஸ்க்: முதலில் அந்தப் பெரிய பைல் இருக்கிற டிரைவுக்கு, அடுத்து சுருக்கியதற்கு. இதுக்குப் பிறகும் டிஃப்ராக் வேணும் என்றால் யூபிஎஸ் இருக்கிற இடத்தில் போடுங்க.

இன்னொன்று, பாமினி எழுத்துருவையும் சேர்த்து எடுங்க. திருவிழா நோட்டீஸ், நாடகப் பிரதி, சங்கக் கணக்கு என்று அந்தக் காலத்தில் தட்டச்சு செய்ததெல்லாம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றுவதைப் பிறகு ஆறுதலாகச் செய்துகொள்ளலாம்.