பத்து வருஷம் காய்ஞ்ச ஜலதாரை

தோட்டத்துப் பக்கம் இருந்த பழைய குளியலறையைப் பூட்டிப் பத்து வருஷம் ஆச்சு. இப்ப அதுல மகன் மீன்தொட்டி வச்சிருக்கான். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மாத்தணும். கொட்டலாம்னு ஜலதாரையைத் திறந்தா, குழி நாத்தம் குப்புனு அடிக்குது.

அந்த நாத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்குங்க. லண்டன்ல கடிகாரம் செஞ்ச அலெக்சாண்டர் கம்மிங், 1775ல கக்கூஸ் குழாயை வளைச்சு, வளைவுல எப்பவும் தண்ணி நிக்கிற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தண்ணிதான் நாத்தத்தைத் தடுக்கிற கதவு. எங்க வளைவு காய்ஞ்சுபோச்சு. ரெண்டு வாளி ஊத்தினதும் நாத்தம் நின்னுச்சு.

கண்ணாடிக்குள்ள மீன் பாக்குற வழக்கமும் அங்கதான் பெருசாச்சு. 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன்களுக்குத் தனிக் கட்டடம் திறந்தாங்க. 1909ல சென்னை மெரினாவுக்கு மீன் காட்சியகம் வந்துச்சு. இன்னிக்குக் கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்கே பேர்போன ஊர்.

இதுக்கெல்லாம் முன்னாடியே நம்மகிட்ட இருந்தது, குளிச்ச தண்ணியை வாழைக்கு விடுற வழக்கம். குளியலறை கட்டினப்ப அதைக் குழிக்குத் திருப்பினவன் நான்தான். அப்பா ஒண்ணும் சொல்லலை. ரெண்டு கோடையில வாழை போச்சு.

கடல் கூப்பிடு தூரத்துல இருக்கிற பெரிய முதலியார்சாவடியில நல்ல தண்ணியைக் குழியில விடறது தப்புன்னு இப்பதான் உறைக்குது. வளைவுக்கு அப்பால குழாயைப் பிரிச்சு வால்வு வச்சேன். மீன் தண்ணி வாழைக்கு. மீனுக்குச் சீக்குன்னு கல்லுப்பு போட்ட வாரம் மட்டும் குழிக்கு.

அப்பா வச்ச இடத்துலயே ரெண்டு கன்னு நட்டிருக்கேன்.