வற்றிய ஏரியும் திரும்பிய வெள்ளமும்

திருமறை மழையைப் பற்றிப் பேசும் இடங்களில் முன்மாரி, பின்மாரி என்னும் இரு சொற்களை நாம் காண்கிறோம். முன்மாரி என்பது கானான் நாட்டில் ஏறக்குறைய நம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொடங்கும் இலையுதிர்கால மழையாகும். கோடையில் இறுகிக் கிடந்த மண்ணை நெகிழச் செய்து ஏர் பூட்ட வழி செய்வது அதுவே. ஆதலால் அது ஆசீர்வாதத்தின் அடையாளமாயிற்று. நம் சபைகளின் அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களிலும் அப்பொருளிலேயே வழங்கி வருகிறது. ஆயினும் எல்லா நாடுகளிலும் இலையுதிர்கால மழை இப்பணியையே செய்வதில்லை. அறுவடை முடிந்து, வைக்கோல் சேர்த்து, கால்நடைகள் மேட்டு நிலத்து மேய்ச்சலினின்று இறங்கி வந்த பின்னர்ப் பெய்யும் மழை எத்தகைய அழிவைச் செய்யக்கூடும் என்பதற்கும், புதைந்து கிடந்த ஒரு வரலாற்றை அது எவ்வாறு மேலே கொணரக்கூடும் என்பதற்கும், கனடா நாட்டின் மேற்கெல்லை மாகாணமாகிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 நவம்பரில் நேர்ந்த வெள்ளம் சான்றாகும்.

அவ்வாண்டு நவம்பர் 13 முதல் 15 வரை, பசிபிக் பெருங்கடலின் வெப்பப் பகுதியில் தோன்றிய ஈரக்காற்று நீண்டு ஒடுங்கிய ஒரு பட்டையாக வந்து அம்மாகாணத்தின் தென்பகுதி மலைகளின்மீது மோதிற்று. வானிலை அறிஞர் இதனை வளிமண்டல ஆறு என்பர். நவம்பர் 14 ஒரே நாளில் ஹோப் என்னும் ஊரில் 174 மில்லிமீட்டரும், அபட்ஸ்ஃபோர்டு நகரில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டரும் மழை பெய்தது. நம் கடலோரப் புயல் மழையை அறிந்தோர்க்கு இவ்வளவு புதிதன்று. ஆனால் அம்மழை விழுந்த நிலம் யாதென்று அறியாமல் அதன் விளைவை நாம் அறிய இயலாது.

அபட்ஸ்ஃபோர்டு நகருக்குக் கிழக்கே சுமாஸ் சமவெளி என்னும் நிலப்பரப்பு உள்ளது. மாகாணத்தின் பாலிலும் கோழி முட்டையிலும் பெரும்பகுதி இச்சமவெளியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்கிலிருந்துமே வருகிறது. கரிய மண், கல் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வயல். இத்தகைய வளம் எவ்வாறு வந்தது என்னும் வினாவுக்கு விடை எளியது. அது ஓர் ஏரியின் அடிநிலம். 1924 வரை அங்கே சுமாஸ் ஏரி இருந்தது. சாதாரண நாட்களில் அதன் பரப்பு ஏறக்குறைய 10,000 ஏக்கர். மலைப்பனி உருகி ஃபிரேசர் ஆறு பெருகும் முதுவேனிற் காலத்தில் அது 30,000 ஏக்கர் வரை விரியும். ஆழம் மிகக் குறைவு. விரிவதும் சுருங்குவதுமாகிய இவ்வேரியின் கரை எது என்று திட்டமாக ஒரு கோடு வரைய இயலாது.

ஏரியைச் சூழ வாழ்ந்தோர் செமாத் மக்கள். ஆற்று மக்கள் என்று பொருள்படும் ஸ்டோலோ இனத்தாருள் அவர்கள் ஒரு கிளையினர். ஸ்டர்ஜன் என்னும் பெருமீனும், சால்மனும், கூட்டங்கூட்டமாய் இறங்கும் நீர்ப்பறவைகளும் அவர்களுடைய உணவு. கோடையில் கொசுத்தொல்லை மிகும்போது ஏரியின் நடுவே கம்பங்களை நட்டு, அவற்றின்மேல் பரண் அமைத்துக் குடியிருந்தனர். கொசு அவ்வளவு தூரம் நீரின்மேல் வருவதில்லை. 1858இல் அந்நிலம் ஆங்கிலேயக் குடியேற்ற நாடானபின் எல்லையை அளக்க வந்தவர்கள் அக்கொசுக்களால் பட்ட பாடு பெரிது. ஒரு மக்கள் தம் இல்லத்தை நீருக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். பின்வந்த மக்களோ நீரையே அகற்றிவிட எண்ணினர். இவ்வேறுபாடு நம் கவனத்திற்குரியது.

அரசு செமாத் மக்களுக்கென 1860களின் முற்பகுதியில் விரிவாக அளந்து ஒதுக்கிய நிலம், சில ஆண்டுகளுக்குள்ளாகவே பெரிதும் குறைக்கப்பட்டது. எஞ்சியவை கரையோரத் துண்டுகள். ஏரி எந்தக் கணக்கிலும் சேரவில்லை. நிலத்தை உழுபவனுக்கே உரிமை என்பது அக்காலத்து ஆட்சியாளர் கொள்கை. நீரை உழ முடியாது. ஆதலால் நீர் எவருக்கும் உரியதன்று என்பது அவர்கள் முடிவு. எந்த ஏரி ஒரு குலத்தின் களஞ்சியமாக இருந்ததோ அது, பதிவேட்டில் வெற்றிடமாயிற்று. 1915இல் நிலங்களைப் பற்றி விசாரிக்க வந்த ஆணையத்தின்முன் செமாத் தலைவர் நெட் என்பவர் நின்று, ஏரிக்குக் கரை கட்டுவதைத் தாம் எதிர்ப்பதாகவும், அது தம் மக்களுக்கு மேலும் பசியையே கொண்டுவரும் எனவும் கூறினார். அவர் கூற்று பதிவு செய்யப்பட்டது. பின்னர்த் திட்டம் நடந்தேறியது.

முதல் உலகப்போர் முடிந்ததும், போரினின்று திரும்பியோர்க்கும் புதுக்குடியேறிகளுக்கும் நிலம் வேண்டும் என்னும் குரல் வலுத்தது. மாகாண அரசின் நிலக்குடியேற்ற வாரியம் பணியை மேற்கொண்டது. ஏரிக்குள் பாய்ந்த வெடர் ஆற்றை ஒரு புதுக்கால்வாய் வழியாக ஃபிரேசருக்குத் திருப்பினர். நீண்ட கரைகளை எழுப்பினர். நீரேற்று நிலையம் அமைத்து எஞ்சிய நீரை இறைத்தனர். 1924க்குள் ஏரி வற்றியது. செலவு மதிப்பீட்டை மிகவும் விஞ்சிற்று. அந்தச் சுமையில் ஒரு பங்கு கரைவரியாக உழவர்மேல் விழுந்தது. சேற்றில் சிக்கிய பெருமீன்களைப் பற்றியும், பின்னர் ஏர்முனையில் அவை அகப்பட்டதைப் பற்றியும் செமாத் முதியோர் சொல்லிவந்த செய்திகள் இன்றும் வாய்மொழியாக வழங்குகின்றன.

இனித் திருச்சபை வரலாற்று மாணவர் குறிப்பாக நோக்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம். ஏரியின் பழைய ஓரத்தில் 1928இல் யாரோ என்னும் சிற்றூரை அமைத்தோர் மெனோனைட் சபையார். இவர்களுடைய முன்னோர் பதினாறாம் நூற்றாண்டில் விசுவாச ஞானஸ்நானத்தின் பொருட்டு நெதர்லாந்தில் துன்புறுத்தப்பட்டு, விஸ்துலா ஆற்றின் கழிமுகத்திற்குச் சென்று, அங்குச் சதுப்பு நிலங்களை வடித்துக் கழனியாக்கியவர்கள். படையில் சேர மறுத்த இம்மக்கள்மேல் அங்கும் நெருக்கடி மிகவே, 1789 முதல் நீப்பர் ஆற்றங்கரையில் ரஷ்யப் பேரரசின் அழைப்பை ஏற்றுக் குடியேறினர். புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் அவ்வாழ்வைக் குலைத்தன. 1923க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய 20,000 பேர் கனடாவை அடைந்தனர். அவர்களுள் சிலரே, கையில் பணமின்றித் தவணை முறையில் நிலம் பெற்று, யாரோவில் ராஸ்பெரிச் செடியும் காய்கறியும் பயிரிட்டு, ஹாப்ஸ் தோட்டங்களில் கூலிக்குச் சென்று, வயதுவந்த பெண்மக்களை வான்கூவர் நகர வீடுகளுக்குப் பணிவிடைக்கு அனுப்பி, அக்கூலியில் கடனை அடைத்தனர். 1929இலேயே அங்குச் சபை அமைந்துவிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் நெதர்லாந்தினின்று வந்த சீர்திருத்த சபையார் பலர் பால் பண்ணைகளை அமைத்தனர். கடல்மட்டத்திற்குக் கீழே உழுது பழகிய மக்களுக்கு ஏரியடி நிலம் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

இம்மக்களுடைய உழைப்பையும் பக்தியையும் நாம் குறைத்து மதிப்பிட எண்ணவில்லை. வாளெடுத்து எவர் நிலத்தையும் அவர்கள் பறித்ததில்லை. வாளுக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள் அவர்கள். தமக்குக் கிடைத்த நிலத்தைத் தேவன் அருளிய அடைக்கலம் என்று அவர்கள் ஸ்தோத்திரம் செய்ததில் வியப்பில்லை. எனினும் அந்த அடைக்கலத்தை அரசு எவரிடமிருந்து எடுத்துக் கொடுத்தது என்னும் வினா சபையின் நூற்றாண்டு நினைவில் நெடுங்காலம் எழவில்லை. அகதி ஒருவன் மற்றொருவனை அகதியாக்கும் ஏற்பாட்டில் தான் அறியாமலே பங்கு பெறக்கூடும். திருச்சபை வரலாறு எழுதுவோர் குடியேற்றத்தின் கதையைக் கப்பல் வந்திறங்கிய நாளிலிருந்து தொடங்கும் வழக்கத்தால் இது மறைந்துவிடுகிறது. குடியேறிய சபைகளின் வரலாற்று நூல்களில் முதல் அதிகாரம் பெரும்பாலும் வெறுநிலத்தில் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். நம் நாட்டு மிஷன் வரலாறுகளும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல.

மீண்டும் 2021க்கு வருவோம். சுமாஸ் சமவெளிக்கு இருவகை வெள்ளம் உண்டு. ஒன்று பனியுருகி ஃபிரேசர் பெருகும் முதுவேனில் வெள்ளம். 1894இலும் 1948இலும் அப்பள்ளத்தாக்கை அழித்தது அதுவே. மற்றொன்று இலையுதிர்கால மழையால் தெற்கிலிருந்து வருவது. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் நூக்சாக் ஆறு எவர்சன் என்னும் ஊரருகே கரைபுரண்டால், அதன் நீர் தன் வழியை விட்டு வடக்கே தாழ்நிலம் நோக்கி ஓடி, நாட்டெல்லையைக் கடந்து சுமாஸ் சமவெளியில் இறங்கும். 1990 நவம்பரில் அவ்வாறே நேர்ந்தது. நீருக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. ஆனால் ஆற்றின் மேற்பகுதி ஓர் அரசிடமும் அது வழிந்து சேரும் பள்ளம் வேறோர் அரசிடமும் இருப்பதால், கரையை எங்கே எவர் செலவில் உயர்த்துவது என்பது தீராத வழக்காய் இருந்துவந்தது.

நவம்பர் 16இல் சுமாஸ் ஆற்றின் கரையில் உடைப்பு எடுத்தது. நீர் பழைய ஏரியின் படுகையை நிரப்பத் தொடங்கிற்று. அன்றிரவு பாரோடவுன் நீரேற்று நிலையமும் மூழ்கும் நிலை ஏற்பட்டது. அது நின்றிருந்தால் ஃபிரேசர் ஆற்றின் நீரும் பின்னோக்கி உள்ளே புகுந்திருக்கும். நகர ஊழியரும் உழவரும் தாமாக வந்த மற்றையோரும் விடியுமளவும் மணல்மூட்டை அடுக்கி அதனைக் காத்தனர். சில நாட்களில் ஃபிரேசரின் மட்டம் தாழவே, மதகுகளைத் திறந்து வெள்ளத்தை வடியவிட்டனர்.

பால் மாட்டை உடையவர்க்கு வெள்ளத்தில் தனித்துன்பம் ஒன்றுண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறலாம். நாளொன்றுக்கு இருமுறை கறக்கவேண்டிய பசுவை அவ்வாறு விட்டுச்செல்ல இயலாது. கறவாத மடி கனத்து நோயுறும். குளிர்நீரில் நின்ற மாட்டுக்கு நுரையீரலிலும் நோய் பற்றும். அதனால் வெளியேறும்படி ஆணை பிறந்த பின்னரும் பலர் தொழுவத்தை விட்டு நீங்கவில்லை. கழுத்தில் கயிறு கட்டிப் படகின் பின்னே கன்றுகளை நீந்தச் செய்து மேட்டிற்குக் கொண்டுவந்தனர். அயலார் வண்டிகளுடன் வந்து மாடுகளை ஏற்றித் தம் தொழுவங்களில் இடங்கொடுத்தனர். சாலைகள் அறுந்துபோனமையால், வெள்ளம் தீண்டாத பண்ணைகளிலும் கறந்த பாலை நிலத்தில் ஊற்றவேண்டியதாயிற்று. அரசின் கணக்கின்படி அவ்வெள்ளத்தில் மாண்டவை 6,28,000 கோழியினப் பறவைகள், 12,000 பன்றிகள், 420 பால் மாடுகள். நீரில் மூழ்கியது ஏறக்குறைய 15,000 ஹெக்டேர். தொல்லையுற்ற பண்ணைகள் ஆயிரத்துக்கு மேல். மாடுகளின் இழப்பு ஒப்பளவில் குறைவாயிருப்பது தற்செயலன்று. மாட்டை இழுத்துச் செல்லலாம், கூண்டில் அடைத்த பல்லாயிரம் கோழிகளை எவர் சுமப்பது?

மலைக்கு அப்பால், நிக்கோலா பள்ளத்தாக்கின் மேய்ச்சற் பண்ணைகளில் நேர்ந்தது வேறுவகை. அங்கே கோடை முழுதும் மலைச்சரிவுகளில் மேய்ந்த மாட்டு மந்தைகளை இலையுதிர்காலத்தில் ஆற்றோரத் தாழ்நிலத்திற்கு இறக்கி, அடுக்கி வைத்த உலர்புல்லை ஊட்டிக் குளிர்காலத்தைக் கழிப்பர். 2021 கோடையிலோ ஜூன் 29இல் லிட்டன் என்னும் ஊரில் வெப்பம் 49.6 பாகையை எட்டிற்று. மறுநாள் அவ்வூரே எரிந்தது. காட்டுத்தீ மேய்ச்சல் நிலங்களிலும் பரவிற்று. எரிந்த சரிவு நீரை உறிஞ்சுவதில்லை. நவம்பர் மழை அதன்மேல் விழுந்து ஆற்றில் ஒருங்கே இறங்கியது. மெரிட் நகரத்தார் ஏறக்குறைய 7,000 பேரும் வெளியேற நேர்ந்தது. அங்கிருந்து ஆற்றோரமாய் மேற்கே செல்லும் 8ஆம் நெடுஞ்சாலையைப் பல இடங்களில் ஆறு கொண்டுபோயிற்று. அதனை மீண்டும் திறக்க 2022 நவம்பர் வரை சென்றது. பண்ணையாருள் சிலர் வேலியையும் புல்லையும் மட்டுமன்று, நிலத்தையே இழந்தனர். தாழ்நில வயல் இருந்த இடத்தில் ஆறு ஓடிற்று. அதே கரையில் வாழ்ந்த பூர்வகுடியினரும் அவ்வண்ணமே இழந்தனர்.

வெள்ளக் காலத்தில் உதவி வந்த வழிகளுள் ஒன்றை மட்டும் சொல்லிச் செல்வோம். அபட்ஸ்ஃபோர்டில் 1911இல் கட்டி முடித்த சீக்கியர் குருத்வாரா ஒன்றுண்டு. மரம் அறுக்கும் ஆலைகளில் உழைத்த பஞ்சாபியர் அதற்குப் பலகை சுமந்தனர். அவர் வழிவந்தோரும் அயலூர்ச் சீக்கியரும் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டோர்க்கு உணவு சமைத்தனர். சாலை இல்லாத ஹோப் ஊருக்கு ஹெலிகாப்டரை வாடகைக்கு அமர்த்தி அதனை அனுப்பினர்.

இவ்வெள்ளத்தைத் தேவ கோபம் என்று கூற நாம் துணியோம். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைக் குறித்து ஆண்டவர் அவ்வாறு கணக்குப் பார்க்க மறுத்தார் என்பதை லூக்கா எழுதியிருக்கிறார். அன்றியும், 2021இல் இழந்த உழவர் 1924இல் ஏரியை வற்றச் செய்தோர் அல்லர். ஆனால் வெள்ளம் நின்ற எல்லை பெரும்பாலும் பழைய ஏரியின் எல்லையாகவே இருந்தது என்பது எவர் தீர்ப்பும் அன்று, அளவையிலே கண்ட செய்தி. அந்நாட்களில் செய்தித்தாள்கள் ஏரி திரும்பிற்று என்று எழுதின. அதுவரை அங்கே ஓர் ஏரி இருந்ததென்று அறியாதோர் பலர் அப்போதுதான் அறிந்தனர். செமாத் மக்களோ அதனை மறந்ததே இல்லை.

நிலத்தை எவ்வாறு காப்பது என்பது முடிவாகவில்லை. கரைகளை உயர்த்திப் புதிய நீரேற்று நிலையம் அமைக்கும் திட்டத்திற்கு இருநூறு கோடி டாலருக்கு மேல் செலவாகும் என மதிப்பிட்டனர். 2024இல் ஆய்வாளர் சிலர், செமாத் மக்களுடன் இணைந்து, வேறொரு கணக்கை வெளியிட்டனர்: ஏரியடி நிலத்தை உரியவரிடம் விலைகொடுத்து வாங்கி ஏரியை மீண்டும் நிரம்பவிட்டால் ஏறக்குறைய நூறு கோடி டாலர் போதும் என்பது அது. மூன்று தலைமுறையாய் அங்கே உழுதோர் இதனைக் கேட்டுத் திகைத்ததையும் நாம் புரிந்துகொள்கிறோம். முன்னோர் உழைத்துக் கடன் தீர்த்த நிலத்தை விட்டுப்போ என்பது, விஸ்துலாவிலும் நீப்பர்க் கரையிலும் கேட்ட சொல்லையே அவர்களுள் பலருக்கு நினைவூட்டும். செமாத் மக்களின் பேரப்பிள்ளைகளும் அச்சொல்லை அறிவார்கள். இவ்விரு குடும்பங்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதற்கு அங்குள்ள சபைகள் இடமளிக்கக்கூடும் என்பது நம் எண்ணம். இரு தரப்பாரையும் அறிந்த அமைப்புகள் அப்பள்ளத்தாக்கில் வேறு அதிகமில்லை. 2025 டிசம்பரில் நூக்சாக் ஆறு மறுபடியும் வழிந்து, எல்லையைக் கடந்து சமவெளியில் இறங்கிற்று; நெடுஞ்சாலை மூடப்பட்டது; மக்கள் மீண்டும் வீடுகளை விட்டு மேட்டிற்கு ஏறினர்.