பழைய லொறி கைமாறிய வரலாறு

1918ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள் மேற்குப் போர்முனையிலே பீரங்கிகள் ஓய்ந்தன. அவை ஓய்ந்ததும் பிரித்தானிய அரசாங்கத்தின் முன் புதியதொரு வினா எழுந்தது. பெரும்பாலும் குதிரைகளை நம்பிப் போருக்குப் புறப்பட்ட படை, போர் முடிந்தபோது பல்லாயிரம் மோட்டார் லொறிகளுக்கு உரிமையுடையதாய் இருந்தது. சேற்றிலும் குண்டுக்குழிகளிலும் ஓடித் தேய்ந்தவை அவை. ஆயினும் இன்னும் ஓடக்கூடியவை. அவற்றை என்ன செய்வது?

ஒருவர் ஓட்டித் தேய்த்த வண்டியை மற்றொருவர் விலைகொடுத்து வாங்கும் வழக்கம் அதற்கு முன்னும் இருந்ததுதான். ஆனால் அந்நாளில் லொறிகள் சில; வாங்குவோரும் சிலர். பழைய லொறிகளுக்கென்று ஒரு பெருஞ் சந்தை பிரித்தானியாவிலே தோன்றியது அப்போரின் பின்னரேயாம்.

இலண்டன் மாநகருக்கு மேற்கே ஸ்லௌ என்னும் ஊரிலே, ஏறக்குறைய 600 ஏக்கர் நிலத்தில், படை வண்டிகளைப் பழுதுபார்க்கும் பெருங்கூடமொன்றை அரசாங்கம் 1918இல் கட்டத் தொடங்கியது. வேலை முற்றுப்பெறுமுன் போர் முற்றுப்பெற்றுவிட்டது. கடல் கடந்து திரும்பிய வண்டிகள் அங்கே வரிசை வரிசையாய் நிறுத்தப்பட்டன. ஊரார் அவ்விடத்துக்குக் குப்பைமேடு என்றே பெயர் வைத்தனர். பொதுப்பணம் வீணாகின்றது என்ற கண்டனம் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் எழுந்தது. 1920இல் போர்ட் கம்பனியின் பிரித்தானியக் கிளைக்கு முன்னர்த் தலைவராய் இருந்த பேர்சிவல் பெரி என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் நிலம், கட்டடம், 15,000க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்தையும் 70 இலட்சம் பவுணுக்கு மேல் விலைகொடுத்து வாங்கினர். வண்டிகளைச் செப்பனிட்டு விற்றனர். வண்டிகள் குறையக் குறைய வெறுமையான கொட்டகைகளைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தனர். பழைய லொறி விற்கப் புகுந்த கம்பனி, உலகம் அறிந்த கைத்தொழிற் பேட்டையொன்றுக்கு உரிமையுடையதானது இவ்வாறுதான்.

இத்தகைய வண்டிகளை வாங்கியவர்கள் யாவர்? போரிலிருந்து மீண்ட இளைஞர் பலர் அவர்களுள் இருந்தனர். படையிலே சாரதித் தொழிலைக் கற்றவர்கள். கையிலே சேவைக்கொடையாகப் பெற்ற சிறு பணம். ஊரிலே வேலையோ இல்லை. அப்பணத்தை ஒரு பழைய லொறியிலே போட்டு, சரக்கேற்றிப் பிழைப்போம் என்று துணிந்தனர். வண்டி ஓட்டத் தெரிந்த அளவுக்குத் தொழிலின் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தேய்மானத்துக்கு ஒதுக்காமல், எண்ணெய்ச் செலவும் உணவுச் செலவும் கிடைத்தாற் போதுமென்று கூலியைக் குறைத்தனர். திண்றப்பர்ச் சில்லுகள் பூட்டிய அவ்வண்டிகள் பழுதடைந்தபோது திருத்தக் கையிற் பணம் இருக்கவில்லை. சிலர் தாக்குப்பிடித்துப் பெரிய கம்பனிகளின் முதல்வர்களாயினர். பலர் வண்டியையும் இழந்து சேமிப்பையும் இழந்தனர்.

இச்சந்தையைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு; லொறி செய்தவர்கள்! லேலண்ட் கம்பனி ஆகாயப் படைக்கென ஏறக்குறைய 6,000 லொறிகளைச் செய்து கொடுத்திருந்தது. தேய்ந்துபோன அவ்வண்டிகள் கண்டவர் கையிற் சிக்கி நடுவீதியில் நின்றால், கெடுவது தன் பெயரே என்று அது கருதிற்று. ஆகவே தன் பழைய லொறிகளைப் பெருந்தொகையாய்த் திரும்ப வாங்கி, கிங்ஸ்ரனில் இருந்த விமானத் தொழிற்சாலையிலே அக்குவேறு ஆணிவேறாய்க் கழற்றிப் புதுப்பித்து விற்றது. கம்பனியின் பணநிலை அதனால் ஆட்டங்கண்டது. பெயர் மட்டும் நிலைத்தது.

வாங்கிய பொருளிற் குறை இருந்தால் அது யாருடைய நட்டம் என்பதற்கு ஆங்கிலச் சட்டம் முன்னரே விடை கூறியிருந்தது. 1893ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், அவ்வகைப் பொருளை வியாபாரமாக விற்பவன்மீது பொருளின் தரத்துக்கான பொறுப்பைச் சுமத்தியது. தன் சொந்த உடைமையை விற்கும் தனியாளை அப்பொறுப்பிலிருந்து விட்டுவிட்டது. அச்சட்டத்தைத் தழுவியே இலங்கையிலும் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டது. தனியாளாயினும் பொய் சொல்லி விற்றல் ஆகாது. தனக்கு உரிமையில்லாததை விற்றலும் ஆகாது. 1923இல் இலண்டன் நீதிமன்றமொன்றில் இதற்கு நல்லதொரு வழக்கு நடந்தது. ஒருவர் வாங்கிச் சில மாதங்கள் பயன்படுத்திய மோட்டார் வண்டி களவுபோன வண்டியென வெளிப்பட, பொலிசார் அதனைக் கைப்பற்றினர். அத்தனை மாதம் ஓட்டியிருந்தும், அவர் கொடுத்த முழுப்பணமும் அவருக்கு மீளவேண்டுமென்று நீதிபதிகள் தீர்த்தனர். வண்டியின் உடையவர் பெயர்களைக் காட்டும் பதிவுப் புத்தகம் 1921 முதலே அங்கு வழக்கிலிருந்தது. ஆனால் அப்புத்தகம் உரிமைக்குச் சான்றன்று. பெயர் பதிந்தவர் ஒருவராகவும் உரிமையாளர் வேறொருவராகவும் இருத்தல் கூடும்.

இந்நிலையில் டீசல் இயந்திரம் வீதிக்கு வந்தது. ருடோல்வ் டீசல் 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரிலே வெற்றியுடன் இயக்கிக் காட்டிய இயந்திரம் நெடுங்காலம் தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலுமே நின்றது. 1920களின் நடுப்பகுதியில் ஜெர்மன் லொறிகளிலும், 1930களிலே பிரித்தானிய லொறிகளிலும் அது இடம்பெற்றது. எண்ணெய் குறைவாய்க் குடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆதலாற் பழைய பெற்றோல் லொறியின் மதிப்புச் சரிந்தது. பழைய டீசல் லொறி மதிப்பை இழக்காது நின்றது. ஆனால் அதனை எடைபோடுதல் எளிதன்று. டீசல் இயந்திரத்திலே பொறி தட்டும் கருவி இல்லை; காற்றை இறுக அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே எண்ணெயை எரிக்கின்றது. உருளையும் வளையங்களும் தேய்ந்தால் அழுத்தம் குறைகின்றது. அழுத்தம் குறைந்தால், குளிர்ந்திருக்கும் இயந்திரம் எளிதிற் புறப்படாது. இதை அறிந்த விற்பனையாளன், வாங்குபவன் வருமுன்பே இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றி வைப்பான். இதை அறிந்த வாங்குபவன், பேச்சைத் தொடங்குமுன் இயந்திரத்தின்மீது கையை வைத்துப் பார்ப்பான்! கரும்புகை எண்ணெய் சரிவர எரியாமையையும், நீலப்புகை உராய்வெண்ணெய் உள்ளே கசிவதையும் காட்டும். சாக்குகளும் பெட்டிகளும் சுமந்து வீடுவீடாய் நின்று நின்று சென்ற விநியோக வண்டியிலோ, இயந்திரத்துக்கு முன்னரே கிளச்சும் தடுப்பும் தேய்ந்துவிடும். தூரங்காட்டியின் இலக்கத்தை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

1933இன் சட்டம் வேறொரு சிக்கலைப் புகுத்தியது. கூலிக்குச் சரக்கேற்ற ஏ வகை அனுமதிப்பத்திரம், தன் சரக்கையும் பிறர் சரக்கையும் ஏற்ற பி, தன் சரக்கை மாத்திரம் ஏற்ற சி என மூவகை வந்தன. பலசரக்குக் கடைக்காரன் தன் வண்டியை விற்றபோது வண்டிதான் கைமாறியது. கூலிக்கு ஓட்டும் உரிமை கைமாறவில்லை. 1947இல் நெடுந்தூரப் போக்குவரத்து அரசுடைமையாக்கப்பட்டது. 1953இல் வந்த மற்றோர் அரசாங்கம் அவ்வண்டிகளை மீண்டும் தனியாருக்கு விற்கச் சட்டமியற்றியது. அப்போது கேள்விப்பத்திரம் போட்டவர்கள் தேய்ந்த இரும்பைக் காட்டிலும் அதனுடன் வந்த ஏ அனுமதிப்பத்திரத்துக்கே விலை கொடுத்தனர். விற்பனை முற்றுப்பெறவில்லை, 1956இற் புதிய சட்டத்தால் எஞ்சிய வண்டிகள் அரசின் கையிலேயே தங்கின.

தவணைப் பணம் முடியாத வண்டியை ஒன்றும் அறியாதவனுக்கு விற்றுவிட்டு மறைதல் அக்காலத்தின் பெரும் மோசடி. பணம் கொடுத்தவனிடமிருந்து நிதிக் கம்பனி வண்டியைப் பறித்துக்கொள்ளும். 1964இன் தவணைக் கொள்வனவுச் சட்டம் நல்லெண்ணத்தோடு வாங்கிய தனியாளைக் காத்தது. வண்டி வியாபாரியை அது காக்கவில்லை, அவன் விசாரித்தறியக் கடமைப்பட்டவன் ஆதலால். 1968 முதல் பார வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயமாயிற்று. விற்பவன் வாய்ச்சொல்லுக்குத் துணையாக ஒரு பத்திரமும் பேசத் தொடங்கிற்று.

இரண்டு ஆண்டுகளின்பின், 1970இல், ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். குறையை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே சொல்வான். அவ்விலைக்கு நல்ல வண்டியுடையோன் விற்க மறுத்து விலகுவான். சந்தையிலே தீயவையே மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் பேறு அதனால் அவருக்குக் கிட்டியது. ஸ்லௌவின் கொட்டகையிலே நின்ற போர்வீரன் கட்டுரை படிக்காமலே இதனை அனுபவித்திருந்தான்.

தன் தொழிலுக்கு ஓட்டிய வண்டியை விற்கும் கடைக்காரன் தனியாளா, வியாபாரியா? 1893இன் வாசகப்படி அவன் வண்டி வியாபாரியல்லன். 1973இலே ஆங்கிலச் சட்டத்தின் சொற்கள் மாற்றப்பட்டன. தொழில் நடத்துகையில் விற்கும் எவனுக்கும் தரப்பொறுப்பு உண்டு என்றாயிற்று. அச்சொற்களின் பொருளை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998இலேயே தெளிவாக்கிற்று. அவ்வழக்கில் விற்கப்பட்டது லொறியன்று, மீனவர் ஒருவரின் தொழிற்படகு. படகு விற்பது அவர் தொழிலன்று. ஆயினும் தொழிலுக்கு வைத்திருந்த படகை விற்றமையால் தரத்துக்கு அவரே பொறுப்பு எனத் தீர்ப்பாயிற்று. அதன்பின், தன் பழைய டீசல் வண்டியை விற்ற ஆங்கிலக் கடைக்காரனும் அந்த மீனவரின் நிலையிலேயே நின்றான்.