கடல் கடந்த விடுதி நினைவு: ஐஐடி முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்களும் ஒரு பொதுப்பெயரின் பொறுப்பும்

1. ஆய்வுப் பொருள்

வட அமெரிக்கப் பெருநகரங்களில் ஐஐடி முன்னாள் மாணவர் சங்கங்கள் தீபாவளி விருந்து, கோடைக்காலப் பூங்காச் சந்திப்பு, வினாடி வினா, இசைமாலை எனப் பல ஒன்றுகூடல்களை நடத்துகின்றன. இச்சங்கங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொழில் தொடர்பு, முதலீடு, நன்கொடை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. விருந்தும் பாட்டும் பொழுதுபோக்காகக் கருதப்பட்டு ஆய்வுக்கு வெளியே தங்கிவிடுகின்றன. தொழில் உறவுக்கு வேண்டிய நம்பிக்கை அந்த விருந்தில்தான் விளைகிறது என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். ஐஐடி என்ற பெயர் இந்திய மக்களின் பொதுச்சொத்து. ஆகவே அப்பெயரால் கூடுவோர் யாரை அழைக்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது இரண்டாவது வாதம்.

2. கூடலின் வரலாறு

முதல் ஐஐடி 1951இல் காரக்பூரில் தொடங்கியது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் சென்னையில் ஐஐடி எழுந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களாக நிலைநிறுத்தியது. நான்காண்டுகள் கழித்து, 1965இல், அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, பிறந்த நாட்டை வைத்து ஆட்களை வரம்பிடும் பழைய முறையைக் கைவிட்டது. இந்தியப் பொறியாளர்களுக்குக் கதவு திறந்தது.

அன்று போய் இறங்கியவர்களில் பலருக்கு அங்கே அண்ணன் தம்பியோ மாமன் மச்சானோ இல்லை. வாடகை வீடு பார்ப்பது முதல் வேலைக்குப் பரிந்துரைப்பது வரை உறவினர் செய்யும் காரியங்களை உடன் படித்தவர்கள் செய்தார்கள். இந்த உதவிப் பழக்கமே பின்னாளில் சங்கமாக உருப்பெற்றது. இது இந்தியருக்கு மட்டும் உரியதன்று. சிலிக்கான் பள்ளத்தாக்கில் தைவான் பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர்களும் இவ்வாறே கூடினார்கள். 1980க்கும் 1998க்கும் இடையில் அங்கே தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனங்களில் 24 விழுக்காடு சீன, இந்தியப் பொறியாளர்களின் தலைமையில் இயங்கின என்று ஆய்வாளர் அன்னாலீ சாக்சினியன் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்களது சங்கங்களுக்கு இவ்வளர்ச்சியில் இருந்த இடத்தையும் அந்த ஆய்வு எடுத்துரைத்தது.

2003 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஐஐடிகளின் பொன்விழா நடந்தபோது பில் கேட்ஸ் வந்து உரையாற்றினார். 2005இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஐஐடி பட்டதாரிகளின் பங்களிப்பைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு சில நண்பர் வீடுகளில் தொடங்கிய கூடல் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது.

3. விருந்து செய்யும் வேலை

சமூக மூலதனம், அதாவது உறவுகளால் கிடைக்கும் ஆதாயம், தானாகப் பெருகாது. ஒரே தரத்தாரை ஓரிடத்தில் சேர்க்கும் விருந்துகளும் வரவேற்புகளும் மன்றங்களும் அதை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும் என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ. ஐஐடி ஒன்றுகூடல் இதற்குத் தக்க சான்று. சென்னை ஐஐடியின் விடுதிகளுக்கு நதிகளின் பெயர்கள்: காவேரி, கோதாவரி, நர்மதா, தபதி, கங்கா. முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே விடுதியில் தங்கிய இருவர், முன்பின் அறியாதவர்களாயினும், விடுதிப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நெருங்கிவிடுகிறார்கள். திறந்தவெளி அரங்கில் பார்த்த சினிமா, வளாகத்து மான்கள், விடுதிச் சாப்பாடு, 'மச்சி' என்ற விளி ஆகியவை அந்த நெருக்கத்துக்குப் போதும்.

வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவு அறிமுகமானவர் வழியாகவே அதிகம் வந்து சேர்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் விளக்கினார். அப்படிப்பட்ட மேலோட்டமான அறிமுகத்துக்கு நட்பின் நம்பிக்கையை இந்த மாலைப்பொழுதுகள் ஏற்றிவிடுகின்றன. புதிய நிறுவனத்துக்கு ஆள் எடுப்பதும் முதலீடு கேட்பதும் அடுத்த வாரத் தொலைபேசியில் நடக்கலாம். அதற்கான உரிமை பாட்டுக்கும் பந்திக்கும் இடையே பிறந்துவிடுகிறது.

4. யாருடைய நினைவு?

இங்கேதான் சிக்கல் எழுகிறது. மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட நூல் சென்னை ஐஐடியை ஆராய்ந்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாதி வாய்ப்பு எப்படித் 'தகுதி' என்ற பெயரில் தன்னை மறைத்துக்கொள்கிறது என்று காட்டியது. ஐஐடியை உலகறிந்த முத்திரையாக்கியதில் அமெரிக்காவாழ் முன்னாள் மாணவர்களின் பங்கையும் அது விவாதிக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐஐடிகளில் இட ஒதுக்கீடு வந்தது 1973இல். இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு 2008இல் தொடங்கிப் படிப்படியாகச் செயலுக்கு வந்தது. மாணவியரின் பங்கை 20 விழுக்காட்டுக்கு உயர்த்துவதற்கான கூடுதல் இடங்கள் 2018இல்தான் வந்தன. ஆக, சங்கங்களைத் தொடங்கிய தலைமுறையின் விடுதி நினைவு, மிகப் பெரும்பாலும் முன்னேறிய சாதி ஆண்களின் நினைவு. நுழைவுத் தேர்வில் எத்தனையாவது இடம் என்ற கேள்வி அந்த வட்டத்தில் இயல்பான விசாரிப்பு. ஒதுக்கீட்டில் வந்தவருக்கோ அது சாதியை விசாரிக்கும் கேள்வி.

இந்த அச்சம் கற்பனையன்று. ஒரு தலித் பொறியாளரின் சாதி, அவரோடு ஒரே ஐஐடியில் படித்த மேலதிகாரி வழியாக அலுவலகத்தில் பரவியது என்ற குற்றச்சாட்டோடு கலிஃபோர்னியா மாநில அரசு 2020இல் ஒரு நிறுவனத்தின் மீதும் அதன் அதிகாரிகள் மீதும் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. அதிகாரிகள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. வழக்கின் முடிவு எதுவாயினும் ஒன்று தெளிவு: கல்லூரி நினைவு கடல் கடக்கும்போது, எந்தப் பட்டியலில் யார் சேர்ந்தார்கள் என்ற நினைவும் உடன் கடக்கிறது.

5. எதிர்வாதமும் விடையும்

அந்நிய மண்ணில் பழைய நண்பர்கள் கூடிச் சிரிப்பதில் அரசியல் தேடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தனிமை பெரிய துயரம். அதைத் தணிக்கும் எந்தக் கூடலையும் இக்கட்டுரை குறைத்துப் பேசவில்லை. நான்கு நண்பர்கள் தம் வீட்டில் உண்பது அவர்கள் விருப்பம். ஆனால் ஐஐடி என்ற பெயரைப் பலகையில் எழுதிக் கூடும்போது நிலைமை மாறுகிறது. அந்தப் பெயரை வளர்த்தது வரிப்பணம். அந்த வரியைச் செலுத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐஐடி வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

மாற்றம் இயலாததும் அன்று. 1987இல் தோன்றிய வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழாக்களில் பறை முழங்குகிறது. ஊரில் இழிவாகச் சொல்லப்பட்ட இசையைப் புலம்பெயர்ந்தோர் பெருமையோடு கற்கிறார்கள். எது நம் பண்பாடு என்பதை மேடை அமைப்போர் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவை மாற்றவும் அவர்களால் முடியும்.

6. முடிவுரை

சங்கங்கள் உடனே செய்யக்கூடியவை உள்ளன. பாகுபாட்டைத் தடுக்கும் விதியில் சாதியையும் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். ஆண்டுவாரியான சந்திப்புகளோடு நின்றுவிடாமல், பல தலைமுறைகள் கலக்கும் கூட்டங்களை நடத்தலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். 2008க்குப் பின் படித்தவர்களுக்கும் பெண்களுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் தரலாம். தேர்வு வரிசையைக் கேட்கும் வழக்கத்தை மூத்தவர்களே முதலில் நிறுத்த வேண்டும். பொதுமக்கள் பணத்தில் கற்றவர்கள் தங்கள் பந்தியில் அந்த மக்களின் பிள்ளைகள் கூச்சமின்றி அமர இடம் செய்யவேண்டும். அதைச் செய்யாத சங்கத்துக்கு அந்தப் பெயரைத் தாங்கும் தகுதி இல்லை.