சென்னைக் கடல்கம்பியும் செப்புத்தடமும்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864இல் தொடங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் அங்கே பெருகின. துறையில் சுமை தூக்கியவர்களில் தமிழர் பலர். சரக்குக்கு முன்னால் விலைச்செய்தி வந்தாக வேண்டும் என்பது வணிகர்களின் அவசரம். பத்தாவியாவிலிருந்து சிங்கப்பூருக்கு டச்சுக்காரர்கள் 1859இல் போட்ட கடல்கம்பி திரும்பத் திரும்ப அறுந்து கைவிடப்பட்டது. நிலைத்தது சென்னைக் கம்பிதான்: பினாங்கு வரை ஏறக்குறைய 1,400 கடல் மைல், அங்கிருந்து சிங்கப்பூருக்கு 400. 1871 தொடக்கத்தில் அது வேலைக்கு வந்தது.

கம்பிக்குள் இருந்த செப்புக்கு உறையானது கட்டாபெர்ச்சா என்ற மலாய்க் காட்டு மரத்தின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரைத் தாங்கும். 1840களில் மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி இதன் மாதிரிகளைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார். பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் தீவில் அது விரைவில் அரிதாயிற்று. தந்தியின் புகழ்பாடும் நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அந்த உறையே சிக்கலும் ஆனது. உள்ளே செம்பு, வெளியே கடல், நடுவே பிசின்: நீளம் முழுக்க ஒரு மின்தேக்கி. கூர்மையாக அனுப்பிய துடிப்பு மறுமுனையில் மழுங்கி இழுபட்டு வந்தது. தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும் என்று வில்லியம் தாம்சன் 1850களில் கணக்கிட்டார். அதன்படி பினாங்கில் நிற்காமல் 1,800 மைலையும் ஒரே கம்பியாக விட்டிருந்தால், சென்னை–பினாங்குத் துண்டைவிடத் தாமதம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்.

தாம்சன் மின்தடையையும் மின்தேக்கத்தையும் மட்டுமே எண்ணினார். தந்தி ஊழியராக இருந்த ஆலிவர் ஹெவிசைடு 1870களிலும் 1880களிலும் மின்தூண்டலையும் கசிவையும் சேர்த்தார். மின்னழுத்தம் அலையாக ஓடுகிறது, இம்பீடன்ஸ் (அலைக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு) மாறும் இடத்தில் எதிரொலிக்கிறது என்பது அந்தச் சமன்பாடுகளில் தெளிவானது.

இன்றைய சர்க்யூட் போர்டு மென்பொருள்கள் தீர்ப்பதும் அவற்றைத்தான். குறுகிய செப்புத்தடத்தில் மின்தடை சிறிது. தாம்சன் விட்ட மின்தூண்டலே மின்தேக்கத்தோடு சேர்ந்து ஆட்சி செய்கிறது. கண்ணாடி இழைப் பலகையில் சிக்னல் நானோ நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் போகும். 0.2 நானோ நொடியில் எழும் துடிப்பின் விளிம்பு 3 சென்டிமீட்டர்தான். தடம் அதில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதை வெறும் கம்பியாக எண்ண முடியாது. 50 ஓம் இம்பீடன்ஸ் உள்ள தடத்தை 17 ஓம் உள்தடை கொண்ட சில்லு இயக்கினால், சில்லின் காலருகே 33 ஓம் மின்தடையம் ஒன்று வைப்பார்கள். இரண்டும் சேர்ந்து 50 ஓம் ஆவதால், மறுமுனையில் மோதித் திரும்பும் அலை அங்கே அடங்கிவிடும்.