தங்கம் போன பாதை



கடந்த பள்ளி விடுமுறையில் பகாவிலிருந்து காராக், பெந்தோங் வழியாக ரவூப் பட்டணத்திற்குச் சென்று வந்தேன். அதன் அருகேயுள்ள புக்கிட் கோமான் என்னும் பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல்.

ஒரு துலாங் மணலை அலசினால் ஒரு கை அள்ளும் அளவுக்குத் தங்கம் கிடைத்ததாம். மலாய் மொழியில் கையால் அள்ளுவதைக் குறிக்கும் சொல்லே 'ரவூப்' எனும் ஊர்ப்பெயராயிற்று என்பர். 1889-ஆம் ஆண்டில் வில்லியம் பிபி என்பவர் இங்கு ரவூப் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் காட்டில், 1900-இல் செம்பாம் ஆற்று நீரைக்கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். நம் நாட்டு நீர்மின்சார வரலாற்றின் முதற்பக்கம் அதுவே.

இதைப் படிக்கும்போது நம்மவர் உழைத்த கோலார் தங்கவயல் நினைவுக்கு வருகிறது. அங்கே 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் மூவாயிரம் மீட்டருக்கும் கீழான ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று அச்சுரங்கம் மூடப்பட்டது. ரவூப் நிறுவனம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1961-இல், சுரங்க வேலையை நிறுத்திவிட்டது. 2009-இல் பழைய கழிவு மண்ணிலிருந்து சயனைடு கொண்டு தங்கம் பிரிக்கத் தொடங்கியபோது, புக்கிட் கோமான் மக்கள் தங்கள் உடல்நலம் கருதி எதிர்த்துப் போராடினர். தங்கம் வெளியே போயிற்று. கழிவு மண் அவர்கள் வாசலிலேயே தங்கிவிட்டது.

விடுமுறை முடிந்து வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, நம் பகாவில் இப்படி ஒன்றும் இல்லையா?"

இருக்கிறது. பகாவ் அருகேதான் 'பெனாரிக்கான்' உள்ளது. 'தாரிக்' என்றால் இழு. பெனாரிக்கான் என்றால் இழுக்கும் இடம். ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மேற்குக் கடலுக்குப் போகிறது. செர்திங் ஆறு பெரா ஆற்றின் வழியாகப் பகாங் ஆற்றை அடைந்து கிழக்குக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே இருந்த சிறு நிலத்துண்டில் படகுகளைத் தரையில் இழுத்துச் சென்றார்கள். பகாங் நாட்டுத் தங்கமும் காட்டுப் பொருள்களும் இவ்வழியே மலாக்காவுக்குப் போயின. 1511-இல் மலாக்கா வீழ்ந்தபின் சுல்தான் மாமூட் ஷா பகாங்கிற்குத் தப்பிச் சென்றதும் இவ்வழியே. நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் கடக்கும் ஆற்றுக்கு இத்தனை வரலாறா என்று அம்மாணவன் வியந்தான்.

எனக்கோ வேறொரு கவலை எழுந்தது. பெனாரிக்கானை நூல்கள் காத்தன. புக்கிட் கோமானை நிறுவனக் கணக்கேடுகள் காத்தன. நம் தோட்டங்களை எவை காக்கும்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன, பிரட்டுக் களம் புல் மூடிக் கிடக்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தன் தாத்தா எந்த டிவிஷனில் மரம் சீவினார் என்பது தெரியவில்லை.

பெற்றோர்களே, இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டிலுள்ள பெரியவரிடம் தோட்டத்தின் பெயர், கோவில், பள்ளி, கங்காணி, விடியற்காலைப் பிரட்டு ஆகியவற்றைக் கேட்டு, பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அதை ஒரு வரலாற்றுப் பாடமாக வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள்.

நம் பெரியவர்கள் வெட்டிய பால் காசாகி எங்கோ போய்விட்டது. அவர்கள் நினைவாவது நம் வீட்டில் தங்கட்டும்.

மீண்டும் சந்திப்போம்.