செங்கல் இல்லாக் கோயிலும் கர்ப்பிணியின் ஆகாரமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் மார்க்கத்தில், மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில் பாறையொன்றைக் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் சமைத்ததாக, விசித்திரசித்தன் என்ற தன் விருதுப் பெயரால் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் சாஸனம் பொறித்துச் சென்றான். கல்லில் அது சாத்தியமாயிற்று. அவ்வட்டாரத்தில் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் களை பறிக்கும் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவோ, அவள் உண்பதையும் அவள் சரீரத்தில் முன்பே சேர்ந்திருப்பதையும் கொண்டே தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டுமானத்தில் நேர்ந்த குறை, நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து நீரிழிவாக வெளிப்படக்கூடும் என்னும் கொள்கை உருவான சரித்திரத்தில், நம் சென்னை ராஜதானிக்கும் ஒரு பங்கு உண்டு.

1928ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் பீடித்த கொடிய சோகையின் காரணத்தைத் தேடி, அவர்களுடைய ஆகாரத்தை ஆராய்ந்து, குன்னூர் பாஸ்டியர் ஸ்தாபனத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாரம் அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் உலகறியச் செய்தார். அதில் மறைந்திருந்த சத்து 1941இல் பசலையினக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1970 முதல் இரும்புச்சத்தோடு கூடிய மாத்திரையாக நம் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கமே அதை வழங்கலாயிற்று. அக்காலத்தில் எல்லோருடைய கவலையும் தாயின் இரத்தத்தைப் பற்றியதே. பிள்ளையின் முதுமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அக்கேள்வி மேல்நாட்டில் எழுந்தது. பழைய பிறப்புப் பதிவேடுகளைத் துருவிய டேவிட் பார்க்கர், எடை குறைந்து பிறந்தோரிடம் பிற்காலத்தில் இருதய நோயும் நீரிழிவும் மிகுவதைக் கண்டு, 1992இல் ஹேல்ஸ் என்பவரோடு சேர்ந்து, கருவில் பட்டினி கண்ட உடல் சிக்கனத்துக்குப் பழகிப் பின்னர் மிகுதியைத் தாங்காது தவிக்கிறது என்றார். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹாலந்தைத் தாக்கிய பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை ஆராய்ந்ததும் இதற்கு வலுவூட்டிற்று.

ஆனால் மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1934 முதல் காப்பாற்றி வைத்திருந்த பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, பிறக்கையில் குட்டையாகவும் கொழுகொழுவென்றும் இருந்தவர்களிடமே, கனத்த தாய்மாரின் மக்களிடமே, நீரிழிவு அதிகமாய்த் தென்பட்டது. தாயின் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையே இதன் காரணமோ என்ற ஐயம் பிறந்தது. கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் எனச் சென்னையில் டாக்டர் வி. சேஷையா ஓயாமல் வற்புறுத்தி வந்ததன் நியாயம் இங்கே விளங்கும்.

இவ்விரண்டு முடிவுகளையும் ஓரளவு இணைத்துக் காட்டியது, 1993இல் புனேக்கு அருகில் ஆறு கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் தொடங்கிய ஆராய்ச்சி. அங்குப் பிறந்த சிசுக்கள் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் சிசுக்களைவிட ஏறக்குறைய 800 கிராம் எடை குறைந்திருந்தும், தசையை இழந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பை இழக்கவில்லை. மெலிந்த மேனிக்குள் கொழுப்பைப் பதுக்கியே பிறந்தன. அதனினும் திகைப்பூட்டும் செய்தி 2008இல் வெளிவந்தது: தாயிடம் ஃபோலிக் அமிலம் மிகுந்தும் பி12 சத்துக் குறைந்தும் இருந்தால், அவள் குழந்தையிடம் ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவர வேலை செய்யாமை அதிகமாய்க் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிரூபித்துவிடாது. மாத்திரையைக் கைவிடச் சொல்லும் வாதமும் ஆகாது. எனினும், பால், முட்டை, மீன், மாமிசம் ஆகியவற்றில் கிடைக்கும் பி12, சோறும் நீர்மோருமாய்க் காலம் தள்ளுபவளுக்கு எங்கிருந்து வரும் என்ற கேள்வியை, மாத்திரையை நம்பி நாம் கேட்காமலே இருந்துவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும் என்று வாயைக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் பல இடங்களில் இருந்தது. மசக்கை வேறு முதல் மாதங்களின் ஆகாரத்தைக் கெடுக்கும். வளைகாப்பன்று சித்திரான்னங்கள் வந்து சேரும்போது மாதம் ஏழாகிவிடுகிறது. அவயவங்கள் உருக்கொள்வதோ முதல் சில வாரங்களில். புனே ஆராய்ச்சியாளர்களும் இதை உணர்ந்தே, தாம் பிறப்பு முதல் அளந்து வந்த அப்பிள்ளைகள் வாலிபம் எய்தியபின், 2012 முதல், பெண்களோடு ஆண்களுக்கும், கலியாணத்துக்கு முன்பே பி12 கொடுத்து, அவர்களுக்குப் பிறக்கும் மகவுகளை அளக்கத் தொடங்கினார்கள்.